போனும் கொம்பியூட்டரும் ஒரே வீட்டில்

அன்பலை போன் கம்பனிக்காரர் நல்லவர்கள். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பின்னால் வரும் சங்கதிகளைக் கேட்டுவிட்டு யாரும் அவர்களைத் தப்பாக நினைத்துவிடக் கூடாது. அவர்கள் லோஜனாவிடம் ஒரு சதம்கூட மேலதிகமாகக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவள் கொடுத்துவிட்டுப் பிழைத்திருப்பாள்.

லோஜனா திருகோணமலைப் பக்கத்துச் சம்பூர் என்ற ஊர்ப் பிள்ளை. ஊர் முன்பள்ளியில் ஆசிரியை. பாட்டுப் பாடி, மூக்குத் துடைத்துவிட்டு, இடையில் கொஞ்சம் எழுத்தும் சொல்லிக் கொடுப்பாள். மூன்று வருடத்துக்கு முன்னர் அவளுக்கும் லதீசனுக்கும் கல்யாணம் நடந்தது. லதீசன் குளிர்நாடு ஒன்றில் பாண் போடும் பேக்கரித் தொழிற்சாலையில் வேலை செய்பவன். ஒரு மாத லீவில் வந்து, தாலி கட்டி, விருந்துச் சாப்பாடு செமிக்க முன்னரே திரும்பிப் போய்விட்டான். அன்றிலிருந்து அவர்களுடைய குடித்தனம் முழுவதும் உள்ளங்கையளவு போன் திரையில்தான் நடக்கிறது. சண்டை வந்தால் அவள் போனைக் கவிழ்த்து வைப்பாள். சமாதானம் என்றால் நிமிர்த்துவாள்.

மனைவியைக் கூப்பிட லதீசன் போட்ட முதல் விண்ணப்பம் திரும்பி வந்தது. “இவர்கள் உண்மையாகவே கணவன் மனைவி என்பதில் எமக்குத் திருப்தியில்லை, சேர்ந்து வாழ்ந்த காலம் போதாது” என்று தூதரகம் எழுதியிருந்தது. சேர்ந்து வாழ விடுங்கள் என்று கேட்டுத்தானே விண்ணப்பமே போட்டோம் என்று லதீசன் பதில் எழுதினான். அதற்குப் பிறகு தூதரகத்துக்கு என்ன மனம் வந்ததோ, லோஜனாவை ஒருமுறை நேர்காண்பதாக அறிவித்தது. இதுதான் கடைசி. இதிலும் திருப்தி வராவிட்டால் விண்ணப்பக் கோவையை மூடிவிடுவார்கள்.

நேர்காணல் வீடியோவில். அதற்கும் சட்டதிட்டம் இருந்தது. விண்ணப்பக் கோவையில் எழுதியுள்ள வீட்டு முகவரியிலிருந்துதான் பேச வேண்டும். திருகோணமலைக்கோ மூதூருக்கோ போய் யாருடைய வீட்டிலும் இருந்து பேசக் கூடாது. கொம்பியூட்டரில் மட்டும்தான் அந்தப் பக்கம் திறக்கும், போனில் திறக்காது. குறித்த நேரத்திலிருந்து கால் மணித்தியாலத்துக்குள் உள்ளே வராவிட்டால் கதவு மூடிவிடும்.

லதீசன் ஊருக்கு வந்த கூட்டாளி ஒருவனிடம் கொம்பியூட்டரைக் கொடுத்தனுப்பினான், மடியில் வைக்கிற சின்னச் சாமான். கொம்பியூட்டர் வந்துவிட்டது, இணையம் வரவேண்டும். லோஜனாவின் வீட்டு வளவுக்கு வயர் இழுத்து இணையம் தர ஒருவரும் இன்னும் வரவில்லை. மற்றக் கம்பனிகளின் சிக்னல் சந்தியோடு நின்றுவிடும். ஊருக்குள் எடுப்பது அன்பலை மட்டும்தான். அந்த அன்பலைதான் ஊர் முகப்பில் பெரிய பலகை வைத்திருந்தது. தாய், தகப்பன், இரண்டு பிள்ளைகள், நாலு பேருமே பல்லுத் தெரியச் சிரிக்கிறார்கள். கீழே எழுத்து: “அன்பலை குடும்பப் பொதி! உங்கள் போனே உங்கள் வீட்டின் இணையம்! ஹொட்ஸ்பொட் முற்றிலும் இலவசம்! மேலதிகக் கட்டணம் இல்லவே இல்லை! பகிர்ந்து வாழ்வோம்!”

லோஜனா அந்தப் பொதியை வாங்கினாள். போனில் ஹொட்ஸ்பொட்டைப் போட்டாள். கொம்பியூட்டர் போனைக் கண்டுபிடித்தது, கைகோத்தது, ஒரு மூச்சு விடுகிற நேரம் சேர்ந்தும் இருந்தது. பிறகு அறுந்தது. போனுக்கு ஒரு செய்தி வந்தது.

“அன்பான வாடிக்கையாளரே, நீங்கள் பகிர முயல்வதைக் கண்டு மகிழ்கிறோம். பகிர்வு இலவசம். உங்கள் தகுதி உறுதிப்படும்வரை அது நிறுத்திவைக்கப்பட்டுள்ளது.”

அடுத்த நாள் மூதூரில் போன் கடை வைத்திருக்கிற அர்ஷாக்கிடம் கொண்டுபோய்க் காட்டினாள். அவன் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான்.

“இது போன்ல போட்ட பூட்டில்ல தங்கச்சி. கம்பனிக்காரன் மேல இருந்து போட்ட பூட்டு. கீழ இருந்து எவனாலயும் திறக்க ஏலாது.”

கம்பனியின் உதவி இலக்கத்துக்குப் போன் எடுத்தாள். கெட்டிமேளம் வாசித்துக்கொண்டே இருந்தார்கள். தாலி கட்டப் போகிறார்கள் என்று அவளும் காத்திருந்து பார்த்தாள். மேளம் நிற்கவில்லை, போனில் சார்ஜ்தான் நின்றது. கடைசியில் முன்பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு, பஸ் ஏறி, கிண்ணியாப் பாலம் தாண்டித் திருகோணமலைக்குப் போனாள்.

அன்பலையின் காரியாலயத்துக்குக் காரியாலயம் என்று பெயரில்லை. ‘வாடிக்கையாளர் பேரின்ப நிலையம்’. வாசலில் ஒரு காவலாளி. பஸ் நிலையத்துப் பக்கம் மாடு மாதிரித் திரிந்து மேயும் மான்கள் ஏசிக் குளிருக்கு உள்ளே வந்துவிடாமல் விரட்டுவது அவருடைய முக்கிய உத்தியோகம். மான் போன பிறகு மனிதருக்கு டோக்கன் கொடுப்பார். லோஜனாவின் முறை வந்தபோது, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிரோஷினி என்ற இளம்பெண் இருந்தாள். மார்பில் குத்தியிருந்த அட்டையில் ‘பேரின்ப அலுவலர்’ என்று இருந்தது.

“வணக்கம் அக்கா. இண்டைக்கு நீங்கள் எவ்வளவு சந்தோசமா இருக்கிறியள்? ஒண்டிலயிருந்து அஞ்சுக்குள்ள சொல்லுங்கோ.”

“சந்தோசமா இல்லைத் தங்கச்சி. அதுதான் வந்தனான்.”

“நாலு எண்டு போடுறன் அக்கா. அதுக்குக் கீழ போட்டா மெசின் எடுக்காது.”

லோஜனா விசயத்தைச் சொன்னாள். நிரோஷினி தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டாள். அவளுக்கு அந்தத் தலையாட்டலையும் படிப்பித்திருப்பார்கள் போலிருக்கிறது, எல்லா வசனத்துக்கும் ஒரே அளவாக ஆடியது.

“பிரச்சினை ஒண்டுமில்லை அக்கா. குடும்பத்துக்குள்ள பகிர்றது இலவசம். அப்ப உங்கட கொம்பியூட்டர் உங்கட போனின்ர குடும்பம்தான் எண்டு காட்ட வேணும். ரெண்டும் உண்மையாவே ஒரு வீட்டில சேர்ந்து இருக்க வேணும். சில ஆக்கள் வசதிக்காகப் பொய்யாச் சேர்த்துக் காட்டினம்.”

 ஏறக்குறைய இதே சொற்களைத் தூதரகத்துக் கடிதத்தில் லோஜனா வாசித்திருக்கிறாள்.

“எப்பிடிக் காட்டுறது?”

“ரெண்டும் சேர்ந்து நிக்கிற படங்கள் வேணும் அக்கா. ஒரே நாளில எடுத்த படம் ஏலாது. விசேசங்கள், பிரயாணங்கள், சாதாரண நாள் எல்லாம் கலந்து இருந்தா நல்லம். பிறகு கிராம சேவகரின்ர கடிதம். பிறகு எங்கட அதிகாரி வீட்டுக்கு வந்து பாப்பார். அயலாக்களையும் விசாரிப்பார்.”

“தங்கச்சி, எனக்குத் தூதரகத்து இன்டர்வியூ வருது. அவசரம். நான் மேலதிகமாக் காசு கட்டுறன். எவ்வளவெண்டு சொல்லுங்கோ.”

நிரோஷினியின் கண்கள் அகன்றன. குரலைத் தாழ்த்தினாள்.

“அக்கா, இலவசமான சாமானுக்குக் காசு வாங்கினா அது லஞ்சம். எங்கட கம்பனி அப்பிடிப்பட்ட கம்பனி இல்லை.”

“அப்ப ஒரு ரவுட்டர் தாங்கோ. வாங்கிக்கொண்டு போறன்.”

“ரவுட்டரின்ர வேலையே பகிர்றதுதானே அக்கா! தகுதி இல்லாத ஆக்களிட்ட அதை எப்பிடிக் கையில குடுக்கிறது?”

நியாயமான கேள்வி.  லோஜனா எழும்பி வரும்போது, சேவை எப்படி இருந்தது என்று ஒன்றிலிருந்து ஐந்துக்குள் சொல்லச் சொன்னார்கள். அதற்கும் நாலு போட்டுத்தான் வெளியே வர முடிந்தது.

படம் எடுப்பது நினைத்த அளவு லேசாக இல்லை. படம் பிடிக்கிற போனே படத்தில் நிற்க வேண்டியிருந்தது. அடுத்த வளவு வள்ளியம்மாக்கா தன்னுடைய போனைக் கொண்டு ஓடிவந்தாள். வள்ளியம்மாக்கா ஐம்பது தாண்டியவள், கருவாடு விற்பவள், எடுத்த காரியத்தில் பாதியில் நிற்கத் தெரியாதவள். போனையும் கொம்பியூட்டரையும் குசினியில் அடுப்படியில் வைத்து ஒரு படம். கிணற்றுக் கட்டில் ஒரு படம். காளி கோயில் வீதியில் பூ வைத்து ஒரு படம். எல்லாம் ஒரே நாள் மாதிரித் தெரியக் கூடாது என்று ஒவ்வொரு படத்துக்கும் கீழே வேறு வேறு சீலை விரித்தாள்.

“கொஞ்சம் கிட்டக் கிட்ட வை பிள்ளை. கோவம் மாதிரித் தெரியுது” என்று கொம்பியூட்டரைப் போனோடு ஒட்டி வைத்தாள்.

லோஜனா சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுகை முட்டியது. தூதரகத்துக்குக் கொடுத்த கல்யாண அல்பமும் இப்படித்தான் தயாரானது. அந்த ஒரே ஒரு மாதத்தில், சேர்ந்து வாழ்ந்ததற்குச் சான்று சேர்ப்பதற்காக, உடுப்பு மாற்றி உடுப்பு மாற்றிக் கோயில், கடற்கரை, சொந்தக்காரர் வீடு என்று படத்துக்கு நின்றார்கள். சேர்ந்து வாழ நேரம் கிடைக்கவில்லை.

கிராம சேவகர் பிரகலாதன் கடிதத்துக்கு ஆச்சரியப்படவில்லை. இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்த ஊரில் கிராம சேவகராக இருப்பவர் எதற்கும் ஆச்சரியப்படுவதில்லை. இருக்கிற வீட்டுக்கு இல்லையென்றும் இல்லாத வீட்டுக்கு இருந்ததென்றும் எவ்வளவு கடிதம் எழுதிய கை அது! பேனையை எடுத்துப் பழக்கதோசத்தில், “வாக்காளர் இடாப்பில பேர் இருக்கோ?” என்று கேட்டார். பிறகு தானே சிரித்துவிட்டு எழுதினார்: “மேற்படி கணினி எனது பிரிவில் நிரந்தரமாக வசிப்பதையும், எனக்கு நன்கு அறிமுகமானது என்பதையும், நன்னடத்தையுடையது என்பதையும் இத்தால் உறுதிப்படுத்துகிறேன்.”

ஒரு கிழமை கழித்து அன்பலையின் ஜீப் சம்பூருக்கு வந்தது. அதிலிருந்து கழுத்துப்பட்டியோடு இறங்கியவர் திரு. ஹெக்டர். ‘பகிர்வு ஒழுக்க அதிகாரி’. தங்கமான மனிதர். செருப்பை வாசலில் கழற்றினார், தேத்தண்ணியை மறுக்காமல் குடித்தார், முன்பள்ளிப் பிள்ளைகளைப் பற்றி அன்பாக விசாரித்தார். கெட்ட மனிதராக இருந்திருந்தால் லோஜனாவுக்குக் கோபப்படவாவது ஏலுமாக இருந்திருக்கும்.

“மகள், நாங்கள் பகிர்வுக்கு எதிரில்லை. அது எங்கட உயிர்மூச்சு. அதாலதான் அதைக் கட்டுப்படுத்துறம். உதாரணத்துக்கு, உங்கட வளவில ஒரு கிணறு இருக்கு. பக்கத்து வளவுக்காரர் எல்லாம் வந்து அள்ளத் தொடங்கினா என்ன நடக்கும்?”

லோஜனா யோசித்தாள். “அள்ளிக்கொண்டு போவினம்.”

“பாத்தியளா!” என்றார் ஹெக்டர். பிறகு அயலவர்களை விசாரிக்க வெளியே வந்தார்.

அயலவர்கள் எல்லாரும் வேலியோரம் வந்து நின்றார்கள். சம்பூர்ச் சனம் யுத்தத்தோடு ஊரை விட்டு ஓடி, வருடக்கணக்காக முகாம்களில் கிடந்து, ஒரு அடுப்பில் நாலு வீட்டுச் சோறு பொங்கித் தின்று, பிறகு ஊருக்குத் திரும்பி வந்த சனம். அந்தச் சனத்திடம் ஒருத்தியைப் பற்றி நல்லதாகச் சொல்லுங்கள் என்றால் என்ன சொல்லும்? வள்ளியம்மாக்கா சீலையைச் சரிசெய்துகொண்டு முன்னுக்கு வந்தாள்.

“லோஜனாவோ ஐயா? இவளைப் போல ஒரு பிள்ளை இந்த ஊரில இல்லை. ஒரு மீன்கறி வைச்சாலும் நாலு வீட்டுக்குப் போகும். முகாமில இருக்கேக்க, இருந்த ஒரே வாளியையும் சனத்துக்குக் குடுத்த மனுசியின்ர மகள் ஐயா இது. அந்தப் போன் எண்டாலும் சரி, கொம்பியூட்டர் எண்டாலும் சரி, அது அவளின்ர இல்லை. ஊரின்ர!”

ஹெக்டரின் பேனை ஒரு கணம் நின்றது. பிறகு வேகமாக எழுதியது. அவர் எழுதுகிற வேகத்தைப் பார்த்த அயலவர்களுக்கு உற்சாகம் வந்துவிட்டது. அதிகாரி ஒருவர் எழுதிக்கொள்கிற அளவுக்கு லோஜனாவுக்கு நல்ல பெயர் சேர்கிறது, நாமும் ஒரு கை போடாவிட்டால் எப்படி? அருளம்பலம் என்பவர், வாயைத் திறந்தால் சண்டைக்குத்தான் திறப்பார் என்று பெயரெடுத்தவர், அவரே முன்னுக்கு வந்தார்.

“என்ர கரண்ட் பில்லை அவதான் ஐயா போனில கட்டித் தாறவ.”

“என்ர மகளின்ர பள்ளிக்கூடச் சோதனை முடிவு அவவின்ர போனிலதான் பாத்தது” என்றாள் இன்னொருத்தி.

“கேட்டு இல்லையெண்டு சொன்னதே கிடையாது.”

லோஜனா ஹெக்டருக்குப் பின்னால் நின்று கண்ணைக் காட்டினாள், கையைக் காட்டினாள், கடைசியில் இரண்டு கையையும் கூப்பியே காட்டினாள். பிள்ளை தன்னடக்கத்தில் கூச்சப்படுகிறது என்று நினைத்து அவர்கள் இன்னும் கூட்டிச் சொன்னார்கள். ஜீப் போன பிறகு வள்ளியம்மாக்கா அவளைக் கட்டிக் கொஞ்சினாள். “பாத்தியா, ஒரு குறை சொல்லேல்லை ஒருத்தரும்” என்றாள்.

இரண்டு நாளில் செய்தி வந்தது. “உங்கள் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. காரணம்: விண்ணப்பதாரர் பகிரும் பழக்கமுடையவர்.”

அதை லோஜனா வாசித்துக் காட்டியபோது வள்ளியம்மாக்கா முதலில் நம்பவில்லை. இரண்டாம் முறை வாசிக்கச் சொன்னாள். பிறகு நிலத்தில் குந்திவிட்டாள். அன்று அவள் வீட்டில் அடுப்பு மூட்டவில்லை. லோஜனாதான் சோறு கொண்டுபோய்க் கொடுத்தாள், அதுவும் வேலிக்கு மேலால் யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்துவிட்டு.

மறுபடி பஸ். மறுபடி பேரின்ப நிலையம். மறுபடி நாலு. இந்த முறை மேன்முறையீடு என்பதால் ஹெக்டரின் அறைக்குள்ளேயே விட்டார்கள். அவர் கதிரையைக் காட்டி இருக்கச் சொன்னார். முகத்தில் மெய்யான கவலை இருந்தது.

“மகள், உங்களில எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. ஆனா கம்பனியின்ர பக்கத்தையும் பாருங்கோ. ஒரு மனுசன் சும்மா ஒண்டைக் குடுக்கிறான் எண்டா எங்களுக்குப் பயமா இருக்கும். ஏன் குடுக்கிறான்? என்ன லாபம்? அதைக் கண்டுபிடிக்கத்தான் என்ர பிரிவை உண்டாக்கினவை. ‘பகிர்ந்து வாழ்வோம்’ எண்டுறது எங்கட பதிவு செய்த வாசகம். அது எங்கட சொத்து. ஆக்கள் அதைக் கண்டபடி செய்யத் தொடங்கினா, பிறகு நாங்கள் அதை விளம்பரத்தில போடுறதில என்ன பிரயோசனம்?”

“ஐயா, எனக்கு விளம்பரம் தேவையில்லை. என்ர மனுசனிட்டப் போக வேணும். புதன்கிழமை பத்து மணிக்கு இன்டர்வியூ. அண்டைக்கு ஒரு நாள் திறந்து விடுங்கோ. பிறகு பூட்டுங்கோ, நான் கேக்கமாட்டன்.”

“அதுக்குத்தான் மேன்முறையீட்டு விசாரணை இருக்கு. இரண்டு தரப்பையும் தனித்தனியா விசாரிச்சு அந்த இடத்திலயே முடிவு சொல்லுவன்.”

“எந்த ரெண்டு தரப்பு?”

“போன் ஒரு தரப்பு. கொம்பியூட்டர் மற்றத் தரப்பு.” அவர் மெசினைத் தட்டித் திகதி கேட்டார். மெசின் சொன்னது. “புதன்கிழமை காலை பத்து மணி.”

லோஜனா அவரையே பார்த்தாள். அவர் சிரிக்கவில்லை. மெசின் தருகிற திகதியை மாற்ற ஏலாது, மாற்றினால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகக் கொள்ளப்படும் என்றார். தூதரகத்தின் திகதியை மாற்றலாமா என்று அவள் முன்னரே மின்னஞ்சல் போட்டுப் பார்த்திருந்தாள். “இந்த முகவரிக்கு வரும் கடிதங்கள் வாசிக்கப்படமாட்டா. உங்கள் கடிதத்துக்கு நன்றி” என்று பதில் வந்திருந்தது.

“யோசிக்காதேங்கோ மகள். நான் பத்துக்கு முதலே வந்திடுவன். சட்டுப்புட்டெண்டு முடிச்சிடலாம். எங்கட நாட்டில எந்த இன்டர்வியூ சொன்ன நேரத்துக்குத் தொடங்கினது?”

அது வேறு நாட்டு இன்டர்வியூ என்று லோஜனா சொல்லவில்லை. விசாரணை வேண்டாமென்றால் பூட்டுத் திறக்காது. விசாரணை நடந்தால், கால் மணித்தியால அவகாசத்துக்குள் திறந்தாலும் திறக்கலாம். அந்தக் கால் மணித்தியாலத்தை நம்பிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

புதன்கிழமை விடியவே குளித்து, கூறைச்சேலை உடுத்து, நெற்றியில் குங்குமம் வைத்துக்கொண்டு கொம்பியூட்டருக்கு முன்னால் இருந்தாள். லதீசன் நித்திரை கொள்ளாமல் செய்திமேல் செய்தி போட்டான். “என்ன கேட்டாலும் நீர் பயப்படாமல் சொல்லும். நான் குளிருக்குப் பயமோ எண்டு கேட்டால் ஓம் எண்டு சொல்லும். எனக்குக் கத்தரிக்காய் பிடிக்காது, மறந்திடாதையும்.” 

ஹெக்டர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். பத்து மணிக்குக் கொஞ்சம் முன்னரே ஜீப் வந்துவிட்டது. இறங்கியதும் போனை வாங்கிக் குசினியில் வைத்தார். கொம்பியூட்டரை அறையில் வைத்துக் கதவைச் சாத்தினார். இரண்டும் ஒன்றோடொன்று பேசி வைத்துக்கொண்டு ஒரே பதிலைச் சொல்லக் கூடாதாம். பிறகு குசினிக்குள் போய், அம்மிக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருந்து, ஒரு தாளை விரித்துப் போனைப் பார்த்து வாசித்தார்.

“நீங்கள் இருவரும் எவ்வளவு காலமாகச் சேர்ந்து இருக்கிறீர்கள்?”

போன் பேசாமல் கிடந்தது. ஹெக்டர் கைகட்டிக் காத்திருந்தார். பிறகு ‘பதில் இல்லை’ என்று எழுதினார்.

“ஐயா, அது சொல்லாது” என்றாள் லோஜனா. “பத்து மணியாகுது ஐயா.”

“தெரியும் மகள். ஆனா பதில் சொல்ல நேரம் குடுக்காம எழுதினா அது அநீதி. நாளைக்கு ஒருத்தர் கேக்கக் கூடாது.” அடுத்த கேள்வியை வாசித்தார். “முதன்முதலில் எங்கே, யார் மூலம் அறிமுகமானீர்கள்?”

சுவர் மணிக்கூட்டில் முள் பத்தைத் தாண்டியது. ஹெக்டரின் மடியில் டப் என்கிற தட்டைக் கொம்பியூட்டர் ஒன்று இருந்தது. அவருடைய சட்டைப் பையிலிருந்த போனிலிருந்து அதற்கு இணையம் தாராளமாக ஓடிக்கொண்டிருந்தது. லோஜனா அதைக் கண்டாள். மானத்தை விட்டு அவருக்கு முன்னால் முழந்தாளில் இருந்தாள்.

“ஐயா, உங்கட போனில இருந்து எனக்கு ஒரு பத்து நிமிசம் தாங்கோ. உங்களுக்குப் புண்ணியம் கிடைக்கும்.”

ஹெக்டரின் கண் கலங்கிவிட்டது. பொய்க் கலக்கமில்லை. “எனக்கும் ஒரு மகள் இருக்கிறாள் பிள்ளை. எழும்புங்கோ. ஆனா நானே பகிர்ந்தா, பிறகு எந்த முகத்தோட மற்றவையைப் பாத்துப் பகிராதேங்கோ எண்டு சொல்லுறது?”

“அப்ப அந்தக் கேள்விகளை என்னட்டையெண்டாலும் கேளுங்கோ. நான் எல்லாத்துக்கும் பதில் சொல்லுறன்.”

“உங்களிட்டக் கேக்க ஏலாது மகள். இதில நீங்கள் மூண்டாம் ஆள்.”

போனுக்குப் பன்னிரண்டு கேள்வி. பிறகு எழும்பி அறைக்குப் போய்க் கொம்பியூட்டரிடமும் அதே பன்னிரண்டு. பதில்கள் ஒத்துப்போகின்றனவா என்று இரண்டு தாளையும் வைத்து ஒப்பிட்டார். எல்லா இடத்திலும் ‘பதில் இல்லை’. ஒரு முரண்பாடும் இல்லை என்று திருப்தியோடு தலையாட்டினார். கால் மணித்தியாலம் எப்போதோ போய்விட்டது. லோஜனா சுவரில் சாய்ந்து நின்றாள். இன்னும் ஒன்று பாக்கி, அயலவர் சாட்சி.

வேலியோரம் ஊர் முழுக்க நின்றது. வள்ளியம்மாக்கா மட்டும் முன்னுக்கு வந்தாள். இரவெல்லாம் பாடமாக்கியிருப்பாள்.

“இந்த வீட்டார் யாருக்காவது எதையாவது கொடுப்பதுண்டா?” என்று ஹெக்டர் வாசித்தார்.

“பச்சைத் தண்ணி குடுக்கமாட்டாள் ஐயா” என்றாள் வள்ளியம்மாக்கா.  “கஞ்சப் பிசாசு. சாகக் கிடந்தாலும் எட்டிப் பாக்கமாட்டாள். இவளின்ர வாசலை நாங்கள் மிதிக்கிறதே இல்லை.” சொல்லச் சொல்லக் கண்ணீர் கன்னத்தில் வழிந்து ஓடியது. சீலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு திரும்பி நின்றாள்.

“நல்ல குடும்பம்” என்று ஹெக்டர் எழுதினார். டப்பில் ஒரு இடத்தைத் தொட்டார்.

லோஜனாவின் போன் குசினியில் கிணுங்கியது. “வாழ்த்துகள்! உங்கள் போனும் கணினியும் உண்மையாகவே சேர்ந்து வாழ்கின்றன என்பதில் எமக்கு முழுத் திருப்தி. இன்றிலிருந்து நீங்கள் எந்த மேலதிகக் கட்டணமும் இன்றிப் பகிரலாம்.”

அவள் போனைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் ஓடினாள். கொம்பியூட்டர் உடனே இணைந்தது. இந்த முறை அறவில்லை. தூதரகத்தின் பக்கம் திறந்தது. நடுவில் இரண்டு வரி இருந்தது. “விண்ணப்பதாரர் சமுகமளிக்கவில்லை. கோவை மூடப்பட்டது.”

அதை மூன்றாம் முறை வாசித்துக்கொண்டிருக்கும்போதே திரையில் அழைப்பு வந்தது. லதீசன். மூன்று வருடத்தில் முதல்முறையாக அவனுடைய முகம் உள்ளங்கையை விடப் பெரிதாக வந்தது. காதோரம் நரைத்திருந்ததை அவள் இன்றைக்குத்தான் கண்டாள். தன்னையும் கூப்பிடுவார்கள் என்று நினைத்தானோ என்னவோ, கல்யாணச் சட்டையைப் போட்டுக்கொண்டு இருந்தான்.

“லோஜி! கொம்பியூட்டரிலதான் வாறீர்! அப்ப எல்லாம் சரி வந்திட்டுது!” அவன் கதிரையை விட்டு எழும்பிவிட்டான். “வடிவாக் கதைச்சனீரோ? என்ன கேட்டவை? என்னைப் பற்றியும் கேட்டவையோ? சொல்லுமன்!”

கதவடியில் ஹெக்டர் வந்து நின்றார். சந்தோசமான முகத்தோடு, இன்றைய சேவைக்கு ஒன்றிலிருந்து ஐந்துக்குள் ஏதாவது ஒன்றைச் சொல்லும்படி கையால் சைகை காட்டினார்.

லோஜனா திரையைத் தொட்டாள். குங்குமம் வியர்வையில் கரைந்து மூக்கில் இறங்கியிருந்தது.

“என்னை ஒருத்தரும் ஒண்டும் கேக்கேல்லையப்பா” என்றாள். “போனையும் கொம்பியூட்டரையும்தான் கேட்டவை.”